மது அருந்தும் நாளில் வாகனம்: புதிய ஓட்டுநருக்கு ஒரு வழிகாட்டி

குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது உரிமம் வாங்கும் எவருக்கும் தெரிந்த விதிதான். அந்த விதியைக் கடைப்பிடிக்கத் தேவையான விவரங்கள்தாம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கோப்பை மது உடலில் எவ்வளவு நேரம் தங்கும், சட்டம் எந்த அளவிலிருந்து அதைக் குற்றமாகக் கருதுகிறது, சோதனையில் நிறுத்தப்பட்டால் எதற்கெல்லாம் இணங்க வேண்டும், மறுநாள் காலை எத்தனை மணிக்குச் சாவியை எடுக்கலாம் என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் நண்பர்கள் சொல்லக் கேட்டவையாகவே இருக்கின்றன. புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கும், வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்து அங்கே ஓட்டப் போகிறவர்களுக்கும் அந்த விவரங்களை வரிசையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நா குழறுவதற்கும் நடை தள்ளாடுவதற்கும் வெகு முன்பே, தன் நிலையைத் தானே எடைபோடும் திறன் மங்கிவிடுகிறது. "எனக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை; அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. ஆகவே ஓட்டலாமா கூடாதா என்ற கேள்வியைக் குடித்த பிறகு தன்னிடமே கேட்டுக்கொள்வதில் பயனில்லை. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த முடிவை முதல் மிடற்றுக்கு முன்பே எடுத்துவிடுவதற்கான ஏற்பாடுகள்.

முதல் படி: மது உடலுக்குள் போவதும் வெளியேறுவதும்

மதுபானத்தில் இருக்கும் எத்தனாலுக்குச் செரிமானம் தேவையில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலேயே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. எஞ்சிய பெரும்பகுதி சிறுகுடலில் கலக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால் அது விரைவாகச் சிறுகுடலை எட்டும். வயிற்றில் உணவு இருந்தால் தாமதமாகும், உச்ச அளவும் சற்றுக் குறையும். பொதுவாகக் கடைசி மிடற்றுக்குப் பிறகு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் மதுவின் அளவு உச்சத்தைத் தொடுகிறது.

இந்த இடைவெளியைப் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். விருந்து முடிந்ததும் மீதமிருப்பதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உடனே கிளம்புகிறவர், வண்டியில் ஏறும்போது இருந்த நிலையைவிட இருபது நிமிடம் கழித்து மோசமான நிலையில் இருப்பார். அவர் வீட்டை நெருங்க நெருங்க அவருடைய ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கிறது. "கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தேன்" என்று பிறகு சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கருவி காட்டுவது சோதனை செய்யப்பட்ட நேரத்தின் அளவை.

வெளியேறும் வழி இதற்கு நேர்மாறாக மிக மெதுவானது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட எத்தனாலைக் கல்லீரல்தான் நொதிகளின் உதவியால் முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. சிறு பங்கு மட்டுமே மூச்சு, சிறுநீர், வியர்வை வழியாக அப்படியே வெளியேறுகிறது. கல்லீரலின் நொதிகள் மிகக் குறைந்த அளவிலேயே முழு வேலையில் இறங்கிவிடுவதால், அதிகம் குடித்தவருக்கு அதிக வேகத்தில் இறங்குவதில்லை. சராசரியாக மணிக்கு, 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் குறைகிறது. ஆளைப் பொறுத்து 10 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். கறுப்புக் காபி, குளிர்ந்த நீரில் குளியல், எலுமிச்சைச் சாறு, மொட்டை மாடியில் நடை, வாந்தி எடுப்பது ஆகிய எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காபியால் தூக்கக் கலக்கம் மட்டும் சற்று விலகும். போதையில் இருப்பவர் விழிப்போடு போதையில் இருப்பார். என் பார்வையில் இது தூங்கி வழிவதைவிட ஆபத்தானது, ஏனென்றால் தூக்கம் வருகிறவராவது சாவியைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இரண்டாம் படி: கோப்பையை எண்ணாமல் கிராமை எண்ணுங்கள்

"இரண்டு கோப்பைதான்" என்பது கணக்கே அல்ல. கோப்பையின் கொள்ளளவும் மதுவின் வலிமையும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நாடுகள் பயன்படுத்தும் நிலையான அலகுகூட ஒன்றாக இல்லை: பிரிட்டனில் ஓர் அலகு என்பது 8 கிராம் எத்தனால், ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம், ஜப்பானில் பாரம்பரியமாக 20 கிராம். ஒரு நாட்டின் அறிவுரைத் தாளைப் படித்துவிட்டு இன்னொரு நாட்டில் எண்ணினால் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிசகும்.

கணக்கிடும் முறை எளிது. மில்லிலிட்டரை, லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் தூய எத்தனாலின் கொள்ளளவு கிடைக்கும், அதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13 கிராம். 12 சதவீத ஒயின் 150 மில்லி என்றால் 14 கிராம். 42.8 சதவீத விஸ்கி 60 மில்லி (ஒரு பெக்) என்றால் 20 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மில்லி டின் ஒன்று என்றால் ஏறத்தாழ 32 கிராம். "பீர்தானே" என்று அலட்சியமாகச் சொல்லப்படும் அந்த ஒரே டின், ஒன்றரைப் பெக் விஸ்கியைவிட அதிகம்.

இனி அது ரத்தத்தில் எவ்வளவாகும் என்று பார்க்கலாம். 1930-களில் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் வகுத்த சூத்திரத்தின் அடிப்படையிலேயே இன்றும் மதிப்பிடுகிறார்கள். குடித்த கிராமை உடல் எடையாலும், உடலின் நீர்ப்பங்கைக் குறிக்கும் ஒரு காரணியாலும் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். அந்தக் காரணி ஆண்களுக்குச் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55. 70 கிலோ எடையுள்ள ஆண் 20 கிராமைச் சட்டென்று குடித்தால் அளவு, 100 மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டும். 55 கிலோ எடையுள்ள பெண் அதையே குடித்தால் 65-ஐத் தாண்டும். கொழுப்புத் திசுவில் எத்தனால் அதிகம் கரைவதில்லை. நீர்தான் அதற்கு இடம். உடலில் நீர்ப்பங்கு குறைவாக உள்ளவரின் ரத்தத்தில் அதே அளவு மது அடர்த்தியாக நிற்கிறது. குடித்துக் குடித்துப் பழகியவருக்கு இந்த எண் குறைவதில்லை. போதையை மறைத்து நடக்கும் பழக்கம்தான் கூடுகிறது.

இந்தக் கணக்கை "எல்லைக்குள் நிற்க எவ்வளவு குடிக்கலாம்" என்று பார்ப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது. சராசரியைச் சுற்றி ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு பெரிது. மேலும் விருந்துகளில் பாதி காலியான கோப்பையில் யாரோ ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்று முறை நிரப்பப்பட்டதைக் குடித்தவர் "ஒரே கோப்பைதான்" என்று மனதார நம்புவார். எல்லை எவ்வளவு சீக்கிரம் கடக்கப்படுகிறது என்பதை உணரவும், மறுநாள் காலைக்கான நேரத்தைக் கணிக்கவும் மட்டுமே இது உதவும்.

மூன்றாம் படி: ஸ்டியரிங்கின் முன் என்ன மாறுகிறது என்று பாருங்கள்

வாகனம் ஓட்டுவது ஒரு வேலையன்று. சாலையைப் பார்ப்பது, கண்ணாடியைப் பார்ப்பது, வேகத்தைக் காப்பது, லேனில் நிற்பது, முன்னே போகும் வண்டியின் பிரேக் விளக்கைக் கவனிப்பது, நடைபாதை ஓரத்தில் நிற்பவர் இறங்கப் போகிறாரா என்று ஊகிப்பது என்று பல சிறு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மது முதலில் குலைப்பது இந்தப் பங்கீட்டைத்தான். 20 மில்லிகிராம் அளவிலேயே நகரும் பொருளைக் கண்ணால் பின்தொடரும் திறனும் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்யும் திறனும் குறையத் தொடங்குகின்றன. 50-இல் ஸ்டியரிங்கின் மீதான கட்டுப்பாடு தளர்கிறது. எதிர்பாராத நிகழ்வுக்கு எதிர்வினை தாமதமாகிறது. 80-இல் கவனக்குவிப்பும் குறுகியகால நினைவும் வேகக் கட்டுப்பாடும் பாதிக்கப்படுகின்றன. 150-ஐ நெருங்கும்போது வண்டியை நேராகச் செலுத்துவதே பெரும்பாடாகிவிடும்.

இரவில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் ஓட்டிக்கொண்டு வருவதாகக் கொள்வோம். வண்டி ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. எதிரே வரும் வாகனத்தின் ஹெட்லைட் கண்ணில் அடித்துவிட்டுக் கடந்து போகிறது. அந்தக் கூச்சத்திலிருந்து கண் மீள்வதற்கு, குடித்தவருக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. அவருடைய பார்வை நடுவில் குவிந்து ஓரங்களைத் தவறவிடுகிறது. இடப்பக்கம் ஒருவர் சாலையில் கால் வைத்தது அவர் மனத்தில் பதியும்போது ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அல்ல, பல மீட்டர் கடந்திருக்கும். பிறகு கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற வேண்டும். எதிர்வினையில் அரை நொடி மட்டும் தாமதம் என்று வைத்துக்கொண்டாலும், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள் வண்டி 8 மீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். அது இரண்டு கார்களின் நீளம். சாலையைக் கடப்பவர் அந்த 8 மீட்டருக்குள் நின்றிருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இருசக்கர வாகனத்தில் இத்தனையோடு சமநிலையும் சேர்கிறது. காதின் உட்பகுதியும் சிறுமூளையும் சேர்ந்து காக்கும் சமநிலையை மது நேரடியாகத் தாக்குவதால், காரில் லேனைத் தொட்டுத் திரும்பும் அளவுக்கு நிகழும் பிழை பைக்கில் வீழ்ச்சியாக முடிகிறது.

தூக்கமின்மையும் மதுவும் சேர்ந்தால் ஒன்றின் விளைவை மற்றது பெருக்கிவிடும். சளி, ஒவ்வாமைக்குத் தரப்படும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் மருந்துகள், வலுவான வலிநிவாரணிகள், கஞ்சா ஆகியவையும் அப்படியே. மருந்து அட்டையில் "வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்" என்ற எச்சரிக்கை இருக்கும் நாளில், சிறு கோப்பை என்ற பேச்சுக்கே இடமில்லை.

விபத்துக்கும் ரத்தத்தில் உள்ள அளவுக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் பெரிய அளவில் அளந்து காட்டிய ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் நடந்து 1964-இல் வெளியானது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும், அதே சாலைகளில் விபத்தின்றிச் சென்ற ஓட்டுநர்களையும் ஒப்பிட்ட அந்த ஆய்வை நடத்தியவர் ராபர்ட் போர்கன்ஸ்டைன். 1954-இல் மூச்சில் மதுவை அளக்கும் பிரெத்தலைசர் கருவியை உருவாக்கியவரும் அவரே. அளவு கூடக் கூட ஆபத்து நேர்கோட்டில் ஏறாமல், 80-க்கு மேல் செங்குத்தாக ஏறுவதை அது காட்டியது. பிந்தைய ஆய்வுகள் இளையோருக்கும் புதிய ஓட்டுநர்களுக்கும் அதே அளவில் ஆபத்து இன்னும் அதிகம் என்று உறுதிப்படுத்தின. அனுபவசாலிக்கு ஓட்டுதலின் பாதி வேலை பழக்கமாகவே நடக்கிறது. புதியவர் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த யோசனையைத்தான் மது பறிக்கிறது.

நான்காம் படி: நீங்கள் ஓட்டும் நாட்டின் சட்டத்தைப் படியுங்கள்

எண் கொண்ட சட்டம் வருவதற்கு முன்பே தண்டனை இருந்தது. லண்டனில் ஒரு டாக்சி ஓட்டுநர் 1897-இல் குடிபோதையில் கட்டடம் ஒன்றில் மோதித் தண்டிக்கப்பட்டார். அன்று அவர் குடித்திருந்தாரா என்பதைக் காவலரின் கண்ணும் அவருடைய ஒப்புதலும்தான் தீர்மானித்தன. ரத்தத்தில் இத்தனை அளவைக் கடந்தாலே குற்றம் என்ற முறையை 1936-இல் முதலில் கொண்டுவந்தது நார்வே. பிரிட்டனில் 1967-இல் 80 மில்லிகிராம் என்ற எல்லையும் சாலையோரச் சுவாசச் சோதனையும் நடைமுறைக்கு வந்தன.

இன்று பெரும்பாலான நாடுகளில் இரண்டு வகைக் குற்றங்கள் உள்ளன. ஒன்று, எண்ணைத் தாண்டுவது. ஓட்டியவர் எவ்வளவு ஒழுங்காக ஓட்டியிருந்தாலும் குற்றம்தான். மற்றொன்று, வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுவது. இங்கே எண் எல்லைக்குள் இருந்தாலும் தப்ப முடியாது. "எல்லைக்குக் கீழேதான் இருந்தேன்" என்பது முழுப் பாதுகாப்பு அல்ல என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும்.

எல்லைகள் நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகின்றன. 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இந்தியாவில் 30 மில்லிகிராம்; ஸ்வீடனிலும் நார்வேயிலும் 20; ஆஸ்திரேலியாவில் பொதுவாக 50. மலேசியா 2020 அக்டோபரில் 80-லிருந்து 50-க்கு இறக்கியது. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 50-க்கு வந்துவிட்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் 80-இல் நின்றன. அதாவது ஒரே தீவில் எல்லை தாண்டிச் செல்லும் சாலையில், வண்டியை நிறுத்தாமலேயே ஒருவர் சட்டப்படி ஓட்டுபவர் என்ற நிலையிலிருந்து குற்றவாளி என்ற நிலைக்குப் போய்விட முடியும். அமெரிக்க மாநிலங்களில் பொது எல்லை 80. யூட்டா மட்டும் 2018 டிசம்பர் இறுதியில் 50-ஆகக் குறைத்தது. சிங்கப்பூரில் 80. கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 80 என்றாலும், பெரும்பாலான மாகாணங்கள் 50-லிருந்தே உரிமத்தைத் தற்காலிகமாகப் பறிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது எல்லாருக்கும் 50-க்கு மிகாமலும், இளையோருக்கும் புதிய ஓட்டுநர்களுக்கும் 20-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பதே.

அந்தக் கடைசிப் பகுதி இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். பல நாடுகளில் பொது எல்லை ஒன்று, புதியவருக்கான எல்லை வேறு. ஜெர்மனியில் 2007 முதல் 21 வயது நிரம்பாதவர்களுக்கும், உரிமம் பெற்ற பிறகான இரண்டாண்டுச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் சிறிதும் அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவில் பயிற்சி ஓட்டுநர்களுக்குப் பூஜ்யம்தான். அமெரிக்காவில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு எல்லா மாநிலங்களிலும் தனியான கடும் எல்லை உண்டு. வணிக வாகன ஓட்டுநர்களுக்கு 40. பேருந்து, லாரி, வாடகைக் கார் ஓட்டுபவர்கள் தங்களுக்கான எல்லையைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

படிக்கும்போது அலகுகளில் குழம்பாதீர்கள். 0.08 சதவீதம் என்பதும், 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்பதும், லிட்டருக்கு 0.8 கிராம் என்பதும் ஒன்றே. மூச்சின் அலகு வேறு: பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 35 மைக்ரோகிராம் என்றும், ஜப்பானில் ஒரு லிட்டர் மூச்சுக்கு 0.15 மில்லிகிராம் என்றும் எழுதப்பட்டிருக்கும். மூச்சின் எண்ணை ரத்தத்தின் எண்ணோடு ஒப்பிட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

தண்டனையிலும் ஒற்றுமை இல்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அடுத்த குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். பிரிட்டனில் ஆறு மாதம் வரை சிறையும் உச்சவரம்பற்ற அபராதமும் இருந்தாலும், நடைமுறையில் பலரைப் பாதிப்பது குறைந்தது பன்னிரண்டு மாத ஓட்டுநர் தடைதான். பத்தாண்டுக்குள் மீண்டும் அகப்பட்டால் தடை குறைந்தது மூன்றாண்டு. கனடாவில் 2018 டிசம்பரிலிருந்து இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை பத்தாண்டாக உயர்த்தப்பட்டதால், அது குடியேற்றச் சட்டத்தில் கடுங்குற்றமாகிவிட்டது; நிரந்தர வசிப்புரிமை அட்டை வைத்திருப்பவர்கூட அந்த உரிமையையே இழக்க நேரிடலாம். குடிபெயர்ந்தவர்கள் அபராதத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காப்பீடும் அப்படித்தான்: போதையில் ஓட்டும்போது சொந்த வண்டிக்கு நேரும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை.

ஓட்டியவர் மட்டும்தான் பொறுப்பு என்பதும் எல்லா இடத்திலும் உண்மையல்ல. ஜப்பானில் 2007 திருத்தத்துக்குப் பிறகு, குடித்தவருக்கு வண்டியைக் கொடுத்தவர், ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தே மதுவை வழங்கியவர், தெரிந்தே உடன் பயணித்தவர் ஆகியோருக்கும் தண்டனை உண்டு. இந்தியச் சட்டமும் 188-ஆம் பிரிவில் இக்குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. சைக்கிளும் விலக்கல்ல, ஜப்பானில் 2024 நவம்பர் முதல் மது அருந்திவிட்டுச் சைக்கிள் ஓட்டுவதற்கும் தண்டனை விரிவாக்கப்பட்டது.

ஐந்தாம் படி: சோதனைக்கு நிறுத்தப்பட்டால்

ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைகள் தெரியும்படி இருங்கள். ஆவணங்களைக் கேட்டபின் எடுங்கள். குடித்திருக்கிறீர்களா என்று கேட்டால் வாதாட வேண்டாம், கதை கட்டவும் வேண்டாம்.

காவலர் புதிய ஊதுகுழல் ஒன்றை உறை பிரித்துக் கருவியில் பொருத்துவார். இல்லையென்றால் மரியாதையாகக் கேட்டுப் பெறலாம். நன்றாக மூச்சை இழுத்து, ஒலி நிற்கும் வரை ஒரே சீராகச் சில நொடிகள் ஊத வேண்டும். தொடக்கத்தில் வரும் காற்று வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வருவது. கருவிக்குத் தேவைப்படுவது நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் கடைசிக் காற்று. அங்கேதான் ரத்தத்தில் உள்ள எத்தனால் மூச்சுக் காற்றோடு ஒரு நிலையான விகிதத்தில் சமன்படுகிறது. 2100 மில்லிலிட்டர் மூச்சில் இருக்கும் எத்தனால், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருப்பதற்கு நிகர் என்ற விகிதத்தைப் பல நாடுகள் ஏற்றுள்ளன. புதினா மிட்டாயும் வெங்காயமும் மணத்தைத்தான் மறைக்கும். கருவி மணத்தை முகர்ந்து பார்ப்பதில்லை.

சற்று முன் மதுவைக் கொப்பளித்திருந்தாலோ, எத்தனால் கலந்த வாய் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தியிருந்தாலோ, ஏப்பத்தோடு வயிற்றிலிருந்து ஆவி மேலேறியிருந்தாலோ கருவி மிகையாகக் காட்டக்கூடும். அதனால்தான் முறையான சோதனைக்கு முன் 15 நிமிடம் காத்திருக்கச் செய்கிறார்கள். அப்படி ஏதேனும் இருந்தால் ஊதும் முன்பே சொல்லிவிடுவது உங்கள் நலனுக்கு உகந்தது.

சாலையோரக் கருவி பல நாடுகளில் முதற்கட்ட வடிகட்டிதான். அதில் தவறினால் நிலையத்தில் உள்ள பெரிய கருவியிலோ ரத்த மாதிரியிலோ சான்றுக்கான அளவீடு எடுக்கப்படும். இந்தியாவில் 185-ஆம் பிரிவின்கீழ் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அமெரிக்காவில் கருவிக்கு முன் உடற்சோதனைகளும் உண்டு: பேனா முனையைக் கண்ணால் பின்தொடரச் சொல்லி விழித் துடிப்பைப் பார்ப்பது, கோட்டின் மீது குதிகாலும் விரலும் தொட ஒன்பது காலடி நடந்து திரும்பி வரச் சொல்வது, ஒற்றைக் காலில் முப்பது நொடி நிற்கச் சொல்வது.

ஊத மறுத்தால் சான்று இருக்காது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பெரும்பாலான நாடுகளில் நிலைமையை மோசமாக்கும். பிரிட்டனில் தக்க காரணமின்றி மாதிரி தர மறுப்பதே தனிக் குற்றம். கனடாவில் முதல் குற்றத்துக்கான குறைந்தபட்ச அபராதம் 1,000 டாலர் என்றால், மறுப்புக்கு 2,000 டாலர். இந்தியாவில் மறுத்தவரைச் சந்தேகத்துக்கு இடமிருந்தால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். மறுப்பே அவருக்கு எதிரான அனுமானத்துக்கும் இடம் தரும். வழக்கறிஞரிடம் பேசும் உரிமை, இரண்டாவது மாதிரி கேட்கும் உரிமை, அளவீட்டின் அச்சிட்ட நகலைப் பெறும் உரிமை ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை அமைதியாகக் கேட்டுப் பெறுவது வேறு, சோதனையையே மறுப்பது வேறு.

நிறுத்திய வண்டிக்குள் தூங்குவதையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஓட்டாமல் பின் இருக்கையில் படுத்துத் தூங்குவது பொறுப்பான செயல் போலத்தான் தோன்றும். ஆனால் பிரிட்டனில் போதையில் வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது தனிக் குற்றம். கனடாவிலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் இதையொத்த விதி உண்டு. சாவி சட்டைப்பையில் இருக்க, ஏசிக்காக எஞ்சின் ஓட, முன் இருக்கையில் தூங்குபவர் சிக்கலைத் தானே அழைக்கிறார்.

ஆறாம் படி: முதல் மிடற்றுக்கு முன் செய்ய வேண்டியவை

மது இருக்கும் என்று தெரிந்த இடத்துக்கு வண்டியை எடுத்துச் செல்லாதீர்கள். இது ஒன்றே பெரும்பாலான சிக்கல்களைத் தீர்த்துவிடும். வண்டி வாசலில் நிற்கும்போது இரவு பதினொரு மணிக்கு மனவுறுதியைச் சோதித்துப் பார்க்கத் தேவையிருக்காது. எடுத்துச் சென்றே ஆக வேண்டுமென்றால் குடிப்பதில்லை என்று போகும் முன்பே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

குழுவாகப் போகும்போது ஓட்டப்போகிறவர் யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்ய வேண்டும். அவர் அன்று ஒரு துளியும் தொடக் கூடாது. இரவு முடிவில் "யார் குறைவாகக் குடித்தது" என்று தேடி ஒருவரிடம் சாவியைக் கொடுப்பது பரவலான வழக்கம். அப்படித் தேர்ந்தெடுக்கப்படுபவரும் குடித்தவர்தான், தேர்ந்தெடுப்பவர்களும் குடித்தவர்கள்தாம். வாடகைக் காருக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொள்வதும், போன் பேட்டரியைப் பார்த்துக்கொள்வதும் சில்லறை விஷயங்களாகத் தோன்றினாலும், நள்ளிரவில் அவை இல்லாதபோதுதான் "மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்" என்ற யோசனை பிறக்கிறது.

நண்பரைத் தடுக்க வேண்டியிருந்தால் கூட்டத்தின் நடுவே "நீ குடித்திருக்கிறாய்" என்று ஆரம்பிக்காதீர்கள். அது வாதத்தில் முடியும். போதையில் இருப்பவர் தான் நிதானமாக இருப்பதை நிரூபிக்க ஓட்டியே காட்டுவார். தனியே அழைத்து, "சாவி என்கிட்ட இருக்கட்டும்டா, காலையில நானே கொண்டுவந்து தர்றேன், இப்ப என்கூட வா" என்று அடுத்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டும் தகுதியைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இல்லாததால் மறுக்க அவருக்குப் பிடி கிடைப்பதில்லை. அதற்கும் இணங்காமல் வண்டியை எடுத்துவிட்டால் அவருடன் ஏறாதீர்கள். காவல்துறைக்குத் தெரிவிப்பது நட்புக்குத் துரோகம் என்று நான் கருதவில்லை.

ஏழாம் படி: மறுநாள் காலை

பலர் அகப்படுவது இரவில் அல்ல, விடிந்த பிறகு. தூக்கம் மதுவை வெளியேற்றும் என்று நினைக்கிறார்கள்; தூங்கும்போதும் கல்லீரல் அதே மணிக்கு 15 என்ற கணக்கில்தான் வேலை செய்கிறது. நள்ளிரவில் 150 மில்லிகிராமில் உச்சத்தைத் தொட்ட ஒருவர், ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்கிக் காலை ஏழு மணிக்கு எழுந்தால் ஏறத்தாழ 45-இல் இருப்பார். பல் துலக்கியிருப்பார், குளித்திருப்பார், தலைவலி மட்டுமே மீதி என்று எண்ணுவார். இந்தியாவிலும் ஸ்வீடனிலும் ஜப்பானிலும் அந்த நிலையில் ஓட்டுவது குற்றம். புதிய ஓட்டுநர் என்றால் வேறு பல நாடுகளிலும் குற்றம்தான். உடல் மெதுவாகச் செயல்படுபவராக, மணிக்கு 10 என்று இறங்குபவராக இருந்தால் அவர் இன்னும் 80-இல் இருப்பார்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். குடித்த மொத்த கிராமை இரண்டாம் படியில் சொன்னபடி ரத்த அளவாக மாற்றி, அதை 15-க்குப் பதிலாக 10-ஆல் வகுத்து மணிகளைக் கண்டுபிடியுங்கள். குடித்து முடித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, கலப்பதற்கான நேரமாக மேலும் ஒரு மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் மூன்று பெக் விஸ்கி குடித்தால் 60 கிராம், ரத்தத்தில் சுமார் 130. இரவு பதினொன்றரைக்கு முடித்திருந்தால் மறுநாள் பிற்பகல் ஒன்றரைக்கு முன் சாவியைத் தொட வேண்டாம். மிகையான எச்சரிக்கை என்று தோன்றலாம். சராசரியை நம்புவதைவிட மெதுவாக வெளியேற்றும் உடலைக் கணக்கில் கொள்வதே இங்கு பொருத்தம், ஏனென்றால் உங்கள் உடல் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது.

கையடக்கச் சுவாசக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. எரிபொருள் கலம் வகை உணரி உள்ளவை, மலிவான குறைகடத்தி உணரி உள்ளவற்றைவிட நம்பகமானவை. இரண்டுமே காலப்போக்கில் அளவு பிறழும், அவ்வப்போது சரிபார்க்கப்பட வேண்டும். கருவி பூஜ்யம் அல்லாத எதைக் காட்டினாலும் ஓட்டாதீர்கள். பூஜ்யம் காட்டினாலும் மேலே சொன்ன நேரக் கணக்கு முடியாதிருந்தால் காத்திருங்கள். மூச்சை ஊதிக் காட்டினால்தான் எஞ்சின் இயங்கும் பூட்டுக் கருவியும் உண்டு. பல நாடுகளில் நீதிமன்றங்கள் அதைத் தண்டனையின் பகுதியாகப் பொருத்தச் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் புதிய வகை வாகனங்களில் அதைப் பொருத்துவதற்கான வசதி இருக்க வேண்டும் என்று விதித்துள்ளது. அதிகாலையில் விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டியிருந்தால் முந்தைய இரவே வாடகைக் காருக்குப் பதிவு செய்துவிடுங்கள். விட்டுவந்த வண்டியை மாலையில் போய் எடுத்துக்கொள்ளலாம்.